மட்டக்களப்புக்கு இரண்டாம் தடவை: கோட்டையும் வெளிச்சவீடும் பார்த்த பிறகு எங்கே போவது?

மட்டக்களப்புக்கு ஒரு தடவை வந்துபோனவர்களிடம் கேட்டுப் பாருங்கள், எல்லாரும் ஏறக்குறைய ஒரே பட்டியலைத்தான் சொல்வார்கள். புளியந்தீவுக் கோட்டை, முகத்துவாரம் வெளிச்சவீடு, கல்லடிப் பாலம், மாமாங்கேஸ்வரர் கோயில், கடைசியில் பாசிக்குடாவில் ஒரு முழுக்கு. இந்த ஐந்திலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. அடுத்த முறை வரும்போதும் அதே வரிசையில் அதே ஐந்தையும் சுற்றிவிட்டு, "வேறொன்றும் இல்லையே" என்று திரும்புகிறார்களே, அதுதான் குறை.

திருகோணமலையில் கப்பலால் இறங்குபவர்கள், கப்பல் பயணத்தைக் கொழும்பில் முடித்துவிட்டு ரயிலேறி வருபவர்கள், வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவுகள் என்று எல்லாருக்கும் பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறேன். இரண்டாம் தடவை வருபவருக்கு இன்னொரு இடப்பட்டியலைக் கொடுப்பதில் பெரிய பயனில்லை. எந்த மாதம், எந்த நேரம், வாவியின் (கடலேரியின்) எந்தக் கரை என்ற மூன்றையும் மாற்றிப் பார்க்க வேண்டும். மற்றதெல்லாம் அதன் பின்னால் வரும்.

முதலில் கப்பல் கணக்கு

மட்டக்களப்பில் பயணிகள் கப்பல் வந்து கட்டும் துறைமுகம் கிடையாது. 1602இல் ஒல்லாந்தரான யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் கப்பலோடு இந்தக் கரைக்கு வந்து, இங்கிருந்துதான் கண்டி அரசனைப் பார்க்கப் போனார். ஆனால் அது பாய்க்கப்பல் காலம். அம்பாறைப் பக்கம் ஒலுவிலில் 2013இல் ஒரு துறைமுகம் திறந்தார்கள். மணல் வந்து வாயை அடைத்தது, அக்கம்பக்கத்துக் கரையைக் கடல் தின்றது, எதிர்பார்த்த கப்பல்கள் மட்டும் வரவில்லை. ஆகவே இன்றைக்குக் கிழக்குக் கரைக்குக் கப்பலில் வருபவருக்கு வாசல் திருகோணமலைதான். 2023இல் கோர்டீலியா நிறுவனத்தின் கப்பல் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று வரத் தொடங்கிய பிறகு, தமிழ்நாட்டிலிருந்தும் இப்படி வந்து இறங்கியவர்கள் இருக்கிறார்கள்.

கப்பல் காலை எட்டுக்கு வந்து மாலை ஆறுக்குப் போகிறது என்று அட்டவணையில் இருந்தால், கையில் பத்து மணித்தியாலம் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். இறங்க அனுமதி கிடைத்து, சோதனை முடிந்து வாசலுக்கு வெளியே வர ஒரு மணித்தியாலமாவது போகும். கரையிலே கட்டாமல் நங்கூரமிட்டுப் படகில் இறக்கினால் இன்னும் கூடும். எல்லாரும் திரும்பி ஏறிவிட வேண்டிய நேரம், கப்பல் புறப்படுவதற்கு அரை மணித்தியாலமோ ஒரு மணித்தியாலமோ முந்தியதாக இருக்கும். அதற்கும் ஒரு மணித்தியாலம் முன்னதாகத் துறைமுக வாசலில் நிற்பதுதான் புத்தி. கூட்டிக் கழித்தால் கையில் மிஞ்சுவது ஏழு மணித்தியாலம்.

திருகோணமலையிலிருந்து கிண்ணியா, மூதூர், வெருகல், வாகரை வழியாக மட்டக்களப்பு 130 கிலோமீற்றர் அளவு. ஒரு வழிக்கே இரண்டரை, மூன்று மணித்தியாலம் எடுக்கும். போய் வருவதிலேயே ஏழில் ஆறு போய்விட்டால் பிறகு என்னத்தைப் பார்ப்பது? எங்கள் ஊரென்றாலும் சொல்கிறேன், ஒருநாள் கப்பலில் வந்தவர் மட்டக்களப்பு நகருக்கு வர வேண்டாம். இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். கப்பல்காரர் ஏற்பாடு செய்த சுற்றுலா பிந்தினால் கப்பல் காத்து நிற்கும். தனியாகப் போனவர் பிந்தினால் நிற்காது. சில பயணங்களில் கப்பல் கடிகாரமும் ஊர்க் கடிகாரமும் ஒத்துப்போவதில்லை. எது எந்த நேரம் என்று இறங்குமுன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படிப்பட்ட நாளில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, துறைமுகத்துக்குக் கிட்டவே நிற்பது. கோணேஸ்வரமும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளும் முதல் தடவையே பார்த்திருப்பீர்கள். இந்தத் தடவை பழைய ஒல்லாந்தர் கட்டடத்தில் இருக்கும் கடற்படை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போகலாம். நிலாவெளி வீதியில் இரண்டாம் உலகப் போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. நகரத்தின் பழைய கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்தில் சார்ள்ஸ் ஒஸ்டின் என்ற கடற்படைத் தளபதி அடங்கியிருக்கிறார். 1852இல் பர்மாவில் இறந்தவர், ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின் தம்பி. பெரியகுளத்துக்கு அருகிலுள்ள வெல்கம் விகாரையை ஒரு காலத்தில் இராஜராஜப் பெரும்பள்ளி என்று அழைத்தார்கள். சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ள பௌத்த விகாரை அது. தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் ஒரு காலைப்பொழுதை அங்கே தாராளமாகச் செலவழிக்கலாம்.

இரண்டாவது வழி, தெற்கே வெருகல் வரை மட்டும் வந்து திரும்புவது. வெருகல் ஆற்றங்கரையில் சித்திரவேலாயுதசுவாமி கோயில் இருக்கிறது. திருகோணமலை மாவட்டம் முடிவதும் எங்கள் மாவட்டம் தொடங்குவதும் அந்த ஆற்றோடுதான். அதைத் தாண்ட வேண்டாம்.

கொழும்பில் கப்பலை விட்டு இறங்குபவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு ஒன்றுமில்லை. கோட்டை ரயில் நிலையத்தில் இரவு ரயிலேறினால் விடியலில் மட்டக்களப்பு. நேர அட்டவணை மாறக்கூடியது, ஆகையால் டிக்கெட் எடுக்கும்போதே ஒரு தடவை சரிபாருங்கள். இரண்டு இரவாவது தங்குங்கள். இனிமேல் எழுதப்போவது அப்படித் தங்குபவர்களுக்குத்தான்.

பார்த்ததை எழுதுங்கள், பக்கத்தில் நேரத்தையும் எழுதுங்கள்

ஒரு தாளில் போன தடவை பார்த்த இடங்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள் என்று குறியுங்கள். அனேகமாக எல்லாமே காலை பத்துக்கும் மாலை நாலுக்கும் இடையில்தான் இருக்கும். மட்டக்களப்பில் அதுதான் மிக மோசமான நேரம். வைகாசியிலிருந்து ஆவணி வரை கச்சான் காற்று அடிக்கும்போது நண்பகலில் ஊர்க்காரரே வெளியே தலை காட்டமாட்டார்கள். நாய்கூட மதில் நிழலை விட்டு அசையாது. நீங்கள் பார்த்தது ஊர் தூங்கும் நேரத்து ஊர்.

ஆகவே பழைய இடத்துக்கே புது நேரத்தில் போங்கள். கல்லடிப் பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுநர் மனிங்கின் மனைவி பெயரில் 1924இல் கட்டிய இரும்புப் பாலம் பழையது; பக்கத்தில் உள்ள புதியது 2013இல் திறந்தது. பகலில் அது வெறும் பாலம். விடியற்காலையில் பழைய பாலத்தில் நடந்தால் கீழே தோணிகள் வலை இழுத்துக்கொண்டு திரும்புவது தெரியும், கரையில் இறால் விலை பேசும் சத்தம் கேட்கும். பௌர்ணமி இரவில் போனால் பாடும் மீன், அதாவது வாவித் தண்ணீருக்குள்ளிருந்து எழும் ஒலி.

பாடும் மீன் பற்றி ஒரு நடைமுறைக் குறிப்பு. பாலத்தில் நின்று காதைத் தீட்டினால் மோட்டர் சைக்கிள் சத்தம்தான் கேட்கும். சித்திரையிலிருந்து புரட்டாசி வரையான மாதங்களில், காற்றில்லாத நிலவு நாளில், நடு இரவு நெருங்கும் நேரத்தில் தோணி பிடித்துப் பாலத்தை விட்டுத் தள்ளிப் போக வேண்டும். தோணிக்காரர் துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீருக்குள் விட்டு மறு நுனியைக் காதில் வைக்கச் சொல்வார். கம்பியை மீட்டியதுபோல ஒரு ரீங்காரம் வந்தால் அதிர்ஷ்டம். எங்கள் ஊரில் கற்பித்த இயேசு சபைக் குருவானவர் லாங் என்பவர் 1950களில் அந்த ஒலியைப் பதிவே செய்தார். மீனா, ஊரியா (சிப்பி போன்ற உயிரியா), வேறெதுவுமா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. கேட்கும் என்று யாராவது உறுதி சொல்லிக் காசு வாங்கினால் நம்பாதீர்கள்.

புளியந்தீவும் அப்படித்தான். கோட்டைக்கு முன்னால் படம் எடுத்துவிட்டுப் போனவர்கள், இம்முறை காலை ஆறரைக்கு வெறும் கையோடு நடந்து பாருங்கள். கோட்டையைப் போர்த்துக்கேயர் கட்டினார்கள். 1638இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். இலங்கையில் அவர்கள் கைக்குப் போன முதல் போர்த்துக்கேயக் கோட்டை அது. நெடுங்காலம் அதற்குள்ளேதான் கச்சேரி, அதாவது மாவட்ட அரச அலுவலகம் நடந்தது. பீரங்கியைப் பார்த்துக்கொண்டே பிறப்புச் சான்றிதழுக்கு வரிசையில் நின்றவர்கள் இந்த ஊரில் ஏராளம். காந்தி பூங்காவில் வாவிக்கரையோரம் சின்னதாக ஒரு பழைய வாசல் தனியாக நிற்கும். பலர் அதைக் கவனிப்பதே இல்லை. 1814இல் வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்த பாதிரியார் வந்து இறங்கிய துறை அது என்பார்கள். அவர் இந்த ஊரில் ஓராண்டுகூட முழுதாக வாழவில்லை, 1815இல் இறந்துவிட்டார். ஆனால் அவர் தொடங்கிய பள்ளிக்கூடம் இன்று மெதடிஸ்த மத்திய கல்லூரி. அதற்குக் கிட்டவே 1873இல் தொடங்கிய புனித மிக்கேல் கல்லூரி. பிள்ளைகள் வரும் நேரத்துக்கு முன்னால் இந்த வீதிகளில் நடந்தால் பழைய கட்டடங்களின் முகங்களை நிதானமாகப் பார்க்கலாம். ஏழரைக்குப் பிறகு வான்களும் ஓட்டோக்களும் அடைத்துவிடும்.

பாலத்தைக் கடந்தால் கல்லடி. அங்கே மூன்று இடங்களை ஒரே நடையில் முடிக்கலாம். சிவானந்த வித்தியாலய வளாகத்தில் சுவாமி விபுலானந்தரின் சமாதி. 1892இல் காரைதீவில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக இருந்து, பழந்தமிழர் இசையை ஆராய்ந்து யாழ் நூல் எழுதியவர். அது வெளிவந்த 1947இலேயே மறைந்தார். அங்கிருந்து கடற்கரைப் பக்கம் போனால் திருச்செந்தூர் முருகன் கோயில். 2004 சுனாமியில் சரிந்த கோபுரம். அதற்கும் அப்பால் டச்பார். பெயர் ஒல்லாந்தரைச் சொன்னாலும் அங்கே வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர். அவர்களில் வயதானவர்கள் வீட்டுக்குள் இன்னும் போர்த்துக்கேயக் கிரியோல் பேசுவதுண்டு. கல்யாண வீட்டுக்கு அழைப்புக் கிடைத்தால் விடாதீர்கள், கப்ரிஞ்ஞா ஆட்டம் பார்க்கலாம். சுனாமி அந்தக் குடியிருப்பை மோசமாக அடித்தது. அங்கே கமராவைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக எட்டிப் பார்க்க வேண்டாம்.

வாவியைக் கடவுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றைத்தான் செய்யப்போகிறீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். வாவி 56 கிலோமீற்றர் அளவுக்கு நீண்டு கிடக்கிறது. கடலோரக் கரை எழுவான்கரை, மேற்குக் கரை படுவான்கரை. விடுதி, பிரதான வீதி, பெரிய கடைகள் எல்லாம் எழுவான்கரையில். பயணிகளும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். வயல், மாட்டுப்பட்டி, கூத்து, பழைய கோயில்கள் என்று மட்டக்களப்பின் பாதிக்கு மேல் அந்தப் பக்கம் இருக்கிறது.

ஒரு நாள் பயணமாக இப்படிப் போகலாம். காலையில் கல்முனை வீதியால் போய் ஆரையம்பதி தாண்டி மண்முனையில் திரும்புங்கள். 2014இல் பாலம் திறக்கும்வரை அங்கே பாதைதான் இருந்தது. ஆட்களையும் மோட்டர் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவையை இங்கே பாதை என்போம். இப்போது பாலத்தால் சில நிமிடத்தில் கொக்கட்டிச்சோலை. தான்தோன்றீஸ்வரர் கோயிலில் கல் நந்தி ஒன்றைக் காட்டுவார்கள். "இது புல் தின்னுமா?" என்று போர்த்துக்கேயத் தளபதி கேலியாகக் கேட்டானாம், நந்தி எழுந்து புல்லைத் தின்று, சாணமும் போட்டுக் காட்டியதாம். கோயிலைப் பற்றி யாரிடம் கேட்டாலும் இந்தக் கதையைத்தான் முதலில் சொல்வார்கள். அதற்கு மேலே தெரிய வேண்டுமென்றால் வண்ணக்கரைத் தேடுங்கள். கோயிலை நிர்வகிப்பவர் அவர்தான், எந்தக் குடிக்கு (தாய்வழிக் குலத்துக்கு) எந்த உரிமை, எந்த ஊருக்கு எந்த நாள் பூசை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். குடிமுறையும் கோயிலும் இப்படிப் பின்னிக் கிடப்பதுதான் மட்டக்களப்பு. ஒருவர் பொறுமையாக விளக்கினால் அரை நாள் போகும், போகட்டும்.

கோயிலுக்குள் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். வேட்டியோ சாரமோ ஒன்று பையில் இருக்கட்டும். பூசை நேரத்தில் படம் எடுக்கக் கேட்டுவிட்டு எடுங்கள்.

அங்கிருந்து தெற்கே இறங்கினால் அம்பிளாந்துறை, பழுகாமம், மண்டூர். பழுகாமத்தில் திரௌபதை அம்மன் கோயில். மண்டூரில் முருகன் கோயில். சின்னக் கதிர்காமம் என்று பெயர். கதிர்காமம் மாதிரியே வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, மந்திரம் சொல்லாமல் பூசை செய்வார்கள். பெரிய கோயில்களின் ஆரவாரத்துக்குப் பழகியவர்களுக்கு அந்த மௌனம் முதலில் விளங்காது, கொஞ்ச நேரம் இருந்து பாருங்கள். ஆவணித் திருவிழாக் காலத்தில் போனால் கூட்டம். மற்ற நாளில் நீங்களும் ஆலமரமும்தான்.

திரும்பி வருவதற்கு மண்டூரிலிருந்து குருமண்வெளிக்குப் பாதை உண்டு. அம்பிளாந்துறைக்கும் குருக்கள்மடத்துக்கும் இடையில் இன்னொன்று. தண்ணீர் மட்டம், காற்று, பழுது என்று பாதை ஓடாத நாளும் உண்டு. காலையிலேயே யாரிடமாவது கேட்டுவையுங்கள். ஓடாவிட்டால் பெரியபோரதீவால் வந்து பட்டிருப்புப் பாலத்தைக் கடந்தால் களுவாஞ்சிகுடி. அங்கே கல்முனை வீதியில் மட்டக்களப்புக்குப் பஸ் அடிக்கடி வரும். படுவான்கரையில் பஸ்ஸை நம்பிப் போகாதீர்கள், எண்ணி நாலுதான் ஓடும். ஒரு நாளைக்கு ஓட்டோ பேசுங்கள், அல்லது மோட்டர் சைக்கிள் வாடகைக்கு எடுங்கள். பேசும்போது காத்திருக்கும் நேரத்துக்கும் சேர்த்துப் பேசிவிடுங்கள்.

வெயில் ஏறுமுன் புறப்பட்டு, மாலை ஐந்துக்கு முன் வாவியின் இந்தப் பக்கம் வந்துவிடுவது நல்லது. உன்னிச்சை, குடும்பிமலைப் பக்கம் போகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம், பொழுது சாய்ந்தால் வீதிக்கு யானை வரும். வாவியிலும் குளங்களிலும் முதலை உண்டு. ஊர்ப்பிள்ளைகள் குளிக்கும் துறையைத் தவிர வேறு இடத்தில் இறங்காதீர்கள். ஆயித்தியமலை மாதா திருத்தலமும் உன்னிச்சைக் குளக்கட்டும் ஒரே திசையில் இருப்பதால் அதை வேறொரு நாளாக வைத்துக்கொள்ளுங்கள்.

நாட்காட்டியைப் பார்த்து வாருங்கள்

முதல் தடவை விடுமுறை கிடைத்த நாளில் வந்தீர்கள். இரண்டாவது தடவை கோயில் நாட்காட்டியைப் பார்த்து டிக்கெட் எடுங்கள். வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில்களில் சடங்கு நடக்கும். செட்டிபாளையம், மகிழூர், அம்பாறைப் பக்கம் காரைதீவு, தம்பிலுவில் என்று பல ஊர்களில். இவற்றில் பல கோயில்கள் ஆண்டின் மற்ற நாட்களில் பூட்டிக் கிடக்கும், சடங்குக்குத்தான் கதவு திறப்பார்கள். கடைசி இரவு குளிர்த்தி, அம்மனைக் குளிரவைக்கும் சடங்கு. ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தம். புரட்டாசியில் பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் பாரதக் கதை நாளுக்கு நாள் நடந்து, 18ஆம் நாள் தீமிதிப்பில் முடியும். அன்றைக்கு மட்டும் போகாமல், வனவாசம் போகும் நாளில் போய்ப் பாருங்கள். கூட்டம் குறைவு, ஊர் முழுக்க அதில் நடித்துக்கொண்டிருக்கும்.

கூத்துக்கு எழுதிவைத்த திகதி கிடையாது. அறுவடை முடிந்து கையில் காசும் நேரமும் இருக்கும் மாதங்களில் படுவான்கரை ஊர்களில் பழகுவார்கள், அரங்கேற்றம் இரவிரவாக விடியும்வரை போகும். கூத்தின் இரண்டு வகைகளில் இது வடமோடியா தென்மோடியா என்று கேட்டால் உங்களை மதித்து உட்காரவைத்துப் பேசுவார்கள். பாய் ஒன்று, போர்வை ஒன்று கொண்டுபோங்கள்.

பறுவ (பௌர்ணமி) விடுமுறையில் அரச அலுவலகங்களும் இறைச்சிக் கடைகளும் பூட்டு. காத்தான்குடிக்கு வெள்ளி நண்பகலில் போகாதீர்கள், எல்லாரும் பள்ளிவாசலில் இருப்பார்கள். நோன்பு மாதத்தில் பகலில் சாப்பாட்டுக் கடை இராது, ஆனால் இரவில் அந்த வீதியைப் போல் வேறெங்கும் இல்லை. காத்தான்குடியில் பூர்வீக நூதனசாலை ஒன்று இருக்கிறது. கிழக்கு முஸ்லிம்களின் பழைய வீடு, தொழில், கல்யாணம் எல்லாவற்றையும் உருவங்களோடு வைத்திருக்கிறார்கள். மட்டக்களப்புத் தமிழருக்கே அங்கே தெரிந்துகொள்ள நிறைய இருக்கிறது, பாதிப் பேர் போனதில்லை. அதே ஊரில் 1990 ஆகஸ்ட் 3 அன்று தொழுகையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்ட பள்ளிவாசல்களில் சூட்டுத் தடயங்களை அழிக்காமல் விட்டிருக்கிறார்கள். கொக்கட்டிச்சோலைப் பக்கம் 1987இலும் 1991இலும் கொல்லப்பட்ட கிராமத்தவர்களுக்கு மகிழடித்தீவில் நினைவிடம் உண்டு. சீயோன் தேவாலயத்தில் 2019 உயிர்த்த ஞாயிறன்று பிள்ளைகள் பலர் இறந்தார்கள். இவை பார்க்கும் இடங்களல்ல. யாராவது கூட்டிக்கொண்டு போனால் போங்கள், அவர்கள் சொல்லும்போது கேளுங்கள், செல்ஃபி எடுக்காதீர்கள்.

என்ன கேட்பது, யாரிடம் கேட்பது

"இங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?" என்று கேட்டால் கோட்டை, வெளிச்சவீடு, பாசிக்குடா என்றுதான் பதில் வரும். சொல்பவரைக் குறை சொல்ல முடியாது, பயணிக்கு அதுதான் வேண்டும் என்று அவருக்குப் பழக்கம். கேள்வியை மாற்றுங்கள். "அண்ணன், உங்கட ஊர்ச் சடங்கு எப்ப?" "தயிர் எங்க வாங்குவீங்க?" "பாதை ஓடுதா?" இப்படிக் கேட்டால் பேச்சு நீளும். வயதான அம்மா ஒருவர் "மறுகா எங்க போறீங்க மனே?" (பிறகு எங்கே போகிறீர்கள் மகனே?) என்று திருப்பிக் கேட்டால் காரியம் கைகூடியது என்று அர்த்தம், அடுத்த இடத்தை அவரே சொல்லிவிடுவார். தமிழ் ஊர்களில் அண்ணன், அக்கா, ஐயா. முஸ்லிம் ஊர்களில் நானா. வயதில் பெரியவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள்.

தயிர்க் கேள்வி உண்மையிலேயே நல்ல கேள்வி. சட்டியில் உறைந்த எருமைத் தயிர் நகரக் கடையிலும் கிடைக்கும், ஆனால் படுவான்கரையில் பட்டிக்காரர் வீட்டிலிருந்து வாங்கினால் அந்தச் சாக்கில் பட்டியையும் வயலையும் பார்த்துவிடலாம். களுதாவளையில் வெற்றிலைத் தோட்டங்கள் வீதியிலிருந்தே தெரியும். கேட்டால் உள்ளே விடுவார்கள், செருப்பை வெளியே கழற்றிவிட்டுப் போங்கள்.

வரைபடம் பார்க்கிற பழக்கம் இருந்தால் போன தடவை போன வீதிகளை மட்டும் நிறம் தீட்டிப் பாருங்கள். கொழும்பு வீதியும் கல்முனை வீதியும் இரண்டு கோடாகத் தெரியும், மீதி எல்லாம் வெள்ளை. அந்த வெள்ளையில் வாவியைத் தொடும் ஏதாவதொரு ஒழுங்கையைத் தெரிவுசெய்து போங்கள். அதன் முடிவில் தோணித்துறையோ, இறால் வாடியோ, ஒரு சின்னக் கோயிலோ இருக்கும்.

வடக்கும் தெற்கும், சுருக்கமாக

பாசிக்குடா ஒரு தடவை போதும் என்பது என் கட்சி. கடல் வேண்டுமென்றால் இன்னும் வடக்கே காயான்கேணி. 2019இல் கடல் சரணாலயமாக அறிவித்தார்கள். பவளப்பாறை கரைக்குக் கிட்டவே கிடக்கிறது, அதில் கால் வைக்காதீர்கள். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் எங்கள் கடலில் கிடக்கிறது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 50 மீற்றருக்கும் அதிக ஆழம். அதற்கான பயிற்சி பெற்ற சுழியோடிகளுக்கு மட்டும்.

தெற்கே அம்பாறைக் கரைக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். மருதமுனையில் கைத்தறி. வீட்டுக்குள் தறி ஓடும் சத்தம் ஒழுங்கைக்கே கேட்கும், சாரமும் சேலையும் நெய்தவரிடமே வாங்கலாம். கடையில் வாங்குவதைவிட மலிவா என்று கேட்காதீர்கள், நெய்வதைப் பார்த்த பிறகு பேரம் பேச மனம் வராது. கல்முனைக்குடியில் கடற்கரைப் பள்ளிவாசல். நாகூர் சாஹுல் ஹமீது ஆண்டகை பெயரில் கொடியேற்றம் நடக்கும் இடம். காரைதீவில் விபுலானந்தர் பிறந்த மண். அறுகம்பைக்குப் போகும் அவசரத்தில் எல்லாரும் தாண்டிப் போகும் திருக்கோவிலில் கடலைப் பார்த்தபடி சித்திரவேலாயுதசுவாமி கோயில். பொத்துவிலுக்கு முன்னால் சங்கமன்கண்டிப் பிள்ளையாரிடம் எல்லாச் சாரதிகளும் நிறுத்திக் கற்பூரம் கொளுத்துவார்கள். இலங்கையின் ஆகக் கிழக்கு முனை அந்தப் பக்கத்தில்தான்.

உகந்தை முருகன் கோயில் வரை போக விரும்புபவர்கள் பாணமைக்கு அப்பால் மண் பாதை என்பதை நினைவில் வைத்து, உயரமான வாகனம் பேசுங்கள். ஆடி மாதக் கதிர்காமப் பாதயாத்திரைக்காரர் குமணைக் காட்டுக்குள் இறங்குவது அங்கிருந்துதான். அந்த நாட்களில் அன்னதானம் உண்டு, மற்ற நாளில் சாப்பாடும் தண்ணீரும் பொத்துவிலிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். கார்த்திகை, மார்கழியில் இந்த வழியை நினைக்கவே வேண்டாம். அந்த மாதங்களில் மட்டக்களப்பிலும் வெள்ளம் வந்தால் படுவான்கரை வீதிகள் மூழ்கும், பாதை நிற்கும். அப்போது வந்துவிட்டால் புளியந்தீவிலும் காத்தான்குடியிலும் நாளைக் கழித்துவிட்டு, படுவான்கரையை மாசிக்கு வையுங்கள். அறுவடை நேரம் அது.